இடக் கீழ்த்தாடை, நான்காம் பல்

1

இக்கதை ஒரு கொப்பியில் விடப்பட்டிருக்கும் வெற்றிடத்திலிருந்து பிறந்தது. அவ்விடத்தின் நீளம் ஏறத்தாழ நான்கு விரற்கடை. அதை நிரப்புவதற்கு ஒரு பெயர் போதும். நான் அதை நிரப்பாமல், கடந்த மூன்று நாள்களாக இக்கதையை எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசகர் இதைத் தொடக்கத்திலேயே அறிந்திருத்தல் நன்று.

கொப்பி தவமணியுடையது. இது 1997ஆம் ஆண்டு மார்ச் மாதம். கனடாவின் ஸ்காபரோவில், தவமணி, சீமோன் தம்பதியினரின் வீட்டுப் பேஸ்மென்றில், அதாவது நிலக்கீழ்த் தளத்தில், நான் வாடகைக்கு இருக்கிறேன். உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கு இப்புறம் என் கட்டில். அப்புறம் தவமணியின் வேலைமேசை. அம்மேசையின் மீது முதலைகள்.

(‘முதலைகள்’ என்பதை அடித்துவிடவேண்டும். அவை அமெரிக்க அலிகேற்றர்கள். இவ்விடயத்தில் தவமணி கண்டிப்பானவர். “முதலை வேற, அலிகேற்றர் வேற, அண்ணை. வாயை மூடின பிறகு பாருங்கோ. முதலைக்குக் கீழ்த்தாடையின்ர நாலாம் பல்லு வெளியில தெரியும். அலிகேற்றருக்குத் தெரியாது. மேல்தாடையில அதுக்கெண்டு ஒரு குழி இருக்கு, அதுக்குள்ள போய் ஒளிச்சிடும்.” இந்த நான்காம் பல்லை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.)

2

நான் எழுதி அடித்த தொடக்கங்களை இங்கே தருகிறேன்.

முதலாவது: “கனடாவின் குளிர்காலம் கொடியது. வெண்பனி போர்த்திய வீதிகளில் –” பனிக்கும் இக்கதைக்கும் தொடர்பில்லை. பாடநூல்களில் கட்டுரைகள் பருவகாலத்தோடு தொடங்குவதால் நானும் தொடங்கினேன். ஐம்பதாவது வயதில் முதலாந்தரப் பாடநூலில் எழுதப் படிக்க ஆரம்பித்து, ஐம்பத்துமூன்றில் எட்டாந்தரத்தை முடித்தவன் நான். அந்நூல்களுக்கு என் நடையில் பெரும் பங்குண்டு. அதை நான் மறைப்பதில்லை.

இரண்டாவது: “ஒருநாள் வாளியில் இருந்த நீர் கொட்டுண்டது.” வாளி தானாகக் கவிழாது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, தவமணியைப் பற்றியது. இது நிற்கட்டும்.

தவமணி ஒன்பது ஆண்டுகளாகக் கோழி இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் எலும்பு நீக்கும் வேலை செய்கிறார். ஒரு கோழியிலிருந்து எலும்பைப் பிரிக்க அவருக்கு ஒரு நிமிடமும் தேவையில்லை. ஒருநாள் நெஞ்செலும்பு பாம்புபோல் நெளிந்திருந்த கோழி ஒன்று அவர் கைக்கு வந்தது. மற்றையோர் அத்தகையவற்றைக் கழிவுத் தொட்டியில் எறிவர். தவமணி மேற்பார்வையாளரிடம் அனுமதி பெற்று, அவ்வெலும்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, அவித்து, சுரண்டி, வெயிலில் வைத்தார். “உது ஏன் இப்பிடி வளைஞ்சது?” என்பதே அவருடைய முதற் கேள்வி. அதற்கு விடை தேடி நூலகத்துக்குச் சென்றவர், அங்கே அலிகேற்றர்களைக் கண்டார்.

புளோரிடாவில் உள்ள ஒரு பண்ணைக்குச் சீமோன் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார்: இறந்துபோனவற்றுள் இயல்புக்கு மாறான உருவம் கொண்டவற்றை எறியாமல் எங்களுக்கு அனுப்ப இயலுமா? இரண்டு அரசாங்கங்களின் அனுமதிப் பத்திரங்களோடு, உறைநிலையில், முதற் பெட்டி வந்துசேர்ந்தது.

“கலியாணம் கட்டேக்க உவ பல்லியைக் கண்டாலும் கத்துறவ, அண்ணை,” என்று சீமோன் என்னிடம் முறையிட்டார். “இப்ப பாருங்கோ, என்ர ஐஸ்கிறீமுக்குப் பக்கத்தில அலிகேற்றர் படுத்திருக்குது.”

“அது உங்கட ஐஸ்கிறீமைத் தொட்டதோ?” என்று தவமணி கேட்டார்.

“இல்லை.”

“அப்ப பேசாமல் இருங்கோ. இந்த வீட்டில அதைத் தொடுறது நீங்கள் ஒராள்தான்.”

அவர் பதப்படுத்தியவற்றுள் வாலின்றிப் பிறந்த குஞ்சு ஒன்று உண்டு. முட்டைக்குள்ளேயே வெண்ணிறமாக இறந்தது ஒன்று உண்டு. என்னை வியக்கவைத்தது மூன்றாவது. அதன் தசை முழுவதையும் அவர் பல வாரங்கள் மருந்து நீரில் ஊறவைத்துக் கண்ணாடிபோல் ஆக்கியிருந்தார். எலும்புகள் சிவப்புச் சாயமும், குருத்தெலும்புகள் நீலச் சாயமும் ஏற்றிருந்தன. கிளிசரின் போத்தலை அவர் விளக்கின்முன் பிடித்தபோது, தோலை உரிக்காமலே அவ்வுயிரின் உள்ளமைப்பு முழுவதையும் கண்டேன். அதன் முன்காலில் ஆறு விரல்கள் இருந்தன. ஐந்து சிவப்பு. ஆறாவது விரலுக்குள் நீலம் மாத்திரமே. “எலும்பா மாற அதுக்கு நேரம் கிடைக்கேல்லை,” என்றார் தவமணி. அன்று அவருடைய கைகளைப் பார்த்தேன். கோழித் தொழிற்சாலையின் குளிரால் வெடித்திருந்த கைகள்.

ஒவ்வொன்றுக்கும் கொப்பியில் ஒரு பக்கம் உண்டு. எங்கிருந்து வந்தது, எதில் மாறுபட்டது, என்ன செய்யப்பட்டது, எது தொலைந்தது, எது சேர்க்கப்பட்டது, யாருடைய கையால். இறுதிக் கூற்றே முக்கியம் என்பார். கடைக்காரர் ஒருவர் வந்து, கண்காட்சிக்கு வைப்பதற்கு ஒரு குஞ்சின் உடலில் இரண்டாவது தலையை ஒட்டித் தருமாறு கேட்டார். “ஒரு தலையோடயே அது பட்ட பாடு காணும்,” என்று கூறித் தவமணி கதவைச் சாத்தினார்.

3

இனி மண்டையோட்டுக்கு வருகிறேன்.

நான்கடி நீளமான அலிகேற்றர் ஒன்றின் தலை அது. கீழ்த்தாடை பிறப்பிலேயே இடப்புறம் கோணியிருந்தது. அதனால் இடப்பக்கத்து நான்காம் பல் தனக்குரிய குழிக்குள் செல்ல இயலாமல், முதலையின் பல்லைப்போல வெளியே நின்றது. வாயை மூடுந்தோறும் மேல்தாடையின் விளிம்பில் உரசி, அதன் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது.

“இந்த வாயோட நாலு வருசம் திண்டு வளந்திருக்கு, அண்ணை,” என்றார் தவமணி. “இந்தத் தேய்வைப் பாருங்கோ. இதுதான் அதின்ர சீவியம்.”

அருங்காட்சியகம் ஒன்றின் அலுவலர் இதைக் கேள்வியுற்று, மார்ச் பதினைந்தாம் நாள் பார்க்க வருவதாக அறிவித்தார். தவமணியின் கைவேலை ஒன்று அருங்காட்சியகத்தின் நிரந்தரத் தொகுப்பில் சேரக்கூடிய முதல் வாய்ப்பு அது. வீட்டில் அவர் அதைப் பற்றி உரத்துப் பேசவில்லை. ஆனால் நாள்காட்டியில் அந்தச் சனிக்கிழமையைச் சுற்றி வட்டமிட்டிருந்தார்.

எஞ்சிய தசை கழன்றுபோவதற்காக மண்டையோடு வெதுவெதுப்பான நீரில், மூடிய வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. தசை கரையும்போது பற்களும் குழிகளிலிருந்து கழன்று நீரின் அடியில் கிடக்கும். ஆகவே நீரை எப்போதும் நைலோன் வலையூடாகவே ஊற்றவேண்டும். “வாளியை ஒருத்தரும் தொடக்கூடாது” என்று தவமணி எங்கள் இருவருக்கும் சொல்லியிருந்தார்.

பெப்ரவரி மாதத்து மதியப் பொழுது ஒன்றில், அவர் வேலைக்குச் சென்றிருந்தபோது, அவருக்கு உதவும் நோக்கத்துடன் நான் நீரை மாற்றினேன்.¹ வலை எங்கே என்று தேடவில்லை. நிலத்திலுள்ள வடிகாலில் ஊற்றினேன். இரும்புக் கம்பிகளில் ஏதோ தட்டிய ஒலி கேட்டது. மிகச் சிறிய ஒலி.

சிதறிய பற்களைப் பொறுக்கி எடுத்தேன். தட்டையாகத் தேய்ந்த பல் அவற்றுள் இல்லை. வடிகாலின் மூடியைக் கழற்றி, முழங்கை வரை கையை விட்டுத் துழாவினேன். இல்லை.

தவமணியின் மேசையில், சாதாரண அலிகேற்றர்களின் உதிரிப் பற்கள் கிடக்கும் பால்மாத் தகரப்பேணி ஒன்று உண்டு. ஏறத்தாழ அதே அளவான பல்லொன்றை எடுத்து வாளிக்குள் போட்டேன். புதுநீர் நிரப்பினேன். மூடினேன்.

¹ ‘உதவும் நோக்கத்துடன்’ என்பதை இக்கதையின் நான்கு வரைவுகளிலும் எழுதினேன். இக்கதையில் ‘நான்’ என்று வரும் பாத்திரத்தை நான் முழுமையாக நம்பவில்லை. அன்று ரெக்ஸ்டேலிலிருந்து என் நண்பர் குலசிங்கம், நான் எழுதிய முதற் கட்டுரையைக் கேட்பதற்காக வரவிருந்தார். வாளியின் நாற்றத்தில் அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என் கட்டுரையைக் கேட்பதை நான் விரும்பவில்லை. காரணம் அவ்வளவே.

4

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலர் வந்தார். தவமணி மண்டையோட்டை வெள்ளைத் துவாயின்மேல் வைத்தார். நான் போட்ட பல் அதன் இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்த்துக் குனிந்தேன்.

நான்காம் பல்லின் குழி வெறுமையாக இருந்தது.

அலுவலர் சிறு விளக்கால் அக்குழிக்குள் ஒளி பாய்ச்சினார். பின்பு ஏதோ மகிழ்வுடன் கூறினார்.

“உள்ளுக்கு அடுத்த பல்லு வந்துகொண்டிருந்திருக்காம்,” என்று சீமோன் மொழிபெயர்த்தார். “ஒண்டு விழ முதலே மற்றது றெடியாம். எனக்கெண்டால் உள்ளதும் ஆடுது.”

வெளியே நின்ற பல் எங்கே என்று அலுவலர் கேட்டார்.

“துலைஞ்சிட்டுது,” என்றார் தவமணி. “என்ர வாளியில இருந்து. என்ர பொறுப்பு.”

அவர் என் பக்கம் திரும்பவில்லை.

அலுவலர் நெடுநேரம் மண்டையோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் இல்லாதது பெருந்தடை அன்று. ஆயினும் ஏற்பதா, விடுவதா என்பதைக் குழுவே தீர்மானிக்கும். ஒவ்வொரு படிமுறையும், அதைச் செய்தவர் பெயரும் எழுத்தில் வரவேண்டும். பதிவில் விடுபாடு இருந்தால் குழு ஏற்காது. இவ்வளவும் சொல்லி, புதன்கிழமைக்குள் அனுப்புமாறு கேட்டுச் சென்றார்.

5

அன்று பிற்பகல் தவமணி கொப்பியோடு கீழே வந்தார்.

“அண்ணை, உங்கட எழுத்து அச்சடிச்ச மாதிரி. இதை ஒருக்கா வடிவா எழுதித் தாங்கோ. இவர் இங்கிலிசில மாத்துவார்.”

நான் அப்பக்கத்தை வாசித்தேன். இறுதி வரிகள் வருமாறு:

‘இடக் கீழ்த்தாடை, நான்காம் பல்: தொலைந்தது. அதற்குப் பதில் வாளிக்குள் வேறொரு பல் கிடந்தது. இந்த விலங்கினுடையது அல்ல. தேய்வு இல்லை. போட்டவர்:’

அதன்பின் வெற்றிடம். பக்கத்தின் ஓரத்தில் ஒரு காகிதப் பொட்டலம் ஒட்டப்பட்டிருந்தது. அதைத் தடவிப் பார்த்தேன். பல்.

“இதில ஓரிடம் விட்டிருக்கு,” என்றேன்.

“ஓம்.”

“என்ன எழுதுறது?”

“கொப்பியில நான் எப்பவும் என்ன எழுதுறனான், அண்ணை? நடந்ததைத்தானே.”

“தவம்! தேத்தண்ணி ஆறுது!” என்று மேலிருந்து சீமோன் கூப்பிட்டார். தவமணி படியேறிச் சென்றார். பேனாவையும் அவரே மேசையில் வைத்துவிட்டுச் சென்றிருந்தார்.

6

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

(அ) வெற்றிடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதுகிறேன். குழு அதை விடுபாடு என்று கருதி, மண்டையோட்டைத் திருப்பி அனுப்புகிறது. தவமணி நாள்காட்டியின் மார்ச் மாதத்தைக் கிழித்து –

இதை முடிக்க இயலவில்லை.

(ஆ) ‘தவமணி’ என்று எழுதுகிறேன். அவர் ஏற்கெனவே பொறுப்பேற்றுவிட்டாரே. குழு ஏற்றுக்கொள்கிறது. கொப்பியின் எல்லாப் பக்கங்களிலும் உள்ள ஒரே பொய், பாடநூல் எழுத்தில், என் கையால் எழுதப்பட்டதாக இருக்கும்.

(இ) குழாய் திருத்துபவர் வருகிறார். வடிகாலை உடைக்கிறார். தட்டையாகத் தேய்ந்த பல் ஒளிவீசிக்கொண்டு வெளிவருகிறது. யாவரும் மகிழ்கின்றனர். இம்முடிவை ஒரு முழுநாள் எழுதினேன். அழகாகவே வந்தது. அது நான் ஒட்ட முனைந்த இரண்டாவது தலை.

7

இன்று செவ்வாய்க்கிழமை. நற்பிரதியின் இறுதி வரிகளை இங்கேயும் பதிகிறேன்:

‘இடக் கீழ்த்தாடை, நான்காம் பல்: தொலைந்தது. தொலைத்தவர்: க. அருள்நாயகம். காரணம்: விருந்தினருக்கு நாற்றம் தெரியக்கூடாது என்ற கூச்சம். பொட்டலத்தில் உள்ள பல்: வேறு விலங்கினுடையது. போட்டவர்: க. அருள்நாயகம்.’

இக்கதையில் என் பெயர் இதுவரை வரவில்லை என்பதை வாசகர் கவனித்திருக்கலாம்.

மேலே தவமணி வேலை முடிந்து வந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றும் ஒலி கேட்கிறது. கொப்பியையும் இக்கதையையும் ஒன்றாகவே கொண்டுசெல்லவிருக்கிறேன். அவர் வாசித்துவிட்டு என்ன சொல்வார், குழு என்ன தீர்மானிக்கும் என்பவற்றை நான் அறியேன். அறியாததை எழுதிச் சேர்க்கும் உரிமை எனக்கு இனி இல்லை. வாசகர் விரும்பினால் சேர்க்கலாம், இடம் விட்டிருக்கிறேன். கொப்பியின் விதி மாத்திரம் பொருந்தும்.

சேர்த்தது: ………………………………

சேர்த்தவர்: ………………………………