கோவிந்தசாமிக்கு ஒரு மாலை

காலை எட்டு மணிக்கு ரக்ஷனா சிங்கப்பூரின் தேக்காவுக்கு வந்தபோது, அவள் வரைந்த சுவரின் அடியில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு வாழைப்பழங்கள்.

பத்தாண்டுகளாக அவள் நாடகங்களுக்கு மேடை அமைத்தாள், சேலைகளுக்கு அச்சு வடிவமைத்தாள், நகை செய்தாள். எல்லாவற்றிலும் வேறு யாரோ ஒருவரின் பெயர்தான் முன்னால் நிற்கும். இந்தச் சுவரில்தான் முதல்முறையாக அவள் பெயர் மட்டும் வரப்போகிறது. பதினொரு மணிக்குத் திறப்பு விழா. சுவரில் சிரித்துக்கொண்டிருந்தவர் பூன் லேயில் தங்கியிருக்கும் கப்பல் பட்டறைத் தொழிலாளி கோவிந்தசாமி.

கைகட்டி நின்றிருந்த ஒருவர் திரும்பினார். கோவிந்தசாமியின் ஊர்க்காரர், தனசேகரனாம்.

"எப்பம்மா தவறினாரு?"

ரக்ஷனாவுக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. சுவரை நிமிர்ந்து பார்த்தாள். முதல் வரைபடத்தில் மாலை அவர் தோளில் இருந்தது. சீருடையை மறைக்கிறதே என்று, முகத்தைச் சுற்றி மரச்சட்டம் வரைந்து, அதன் மேல் மாலையைத் தூக்கிப் போட்டவள் அவளேதான். தோளில் விழுந்தால் மரியாதை. சட்டத்தில் விழுந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அவள் வீட்டுக் கூடத்திலேயே அப்படி ஒரு படம் தொங்குகிறது.

நேற்று சாயங்காலம் சுவரைப் பார்த்ததும் தனசேகரன் கோவிந்தசாமிக்குப் போன் செய்திருக்கிறார். இரவு வேலைக்குப் போன கோவிந்தசாமியின் போன் அணைந்திருக்க, படத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார். மனைவி லட்சுமி மயங்கி விழுந்தாராம். விடிவதற்குள் வீட்டில் சனம் கூடிவிட்டது.

ரக்ஷனா விடாமல் அழைத்தாள். எட்டேமுக்காலுக்குத்தான் கோவிந்தசாமி எடுத்தார். அரை மணியில் டாக்சியில் வந்து இறங்கியவர், தன் படத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வீடியோவில் மனைவியை அழைத்தார். லட்சுமி அவரை வெறித்துப் பார்த்தார். அழவில்லை.

"பின்னால தொங்குதே, அத முதல்ல எடுக்கச் சொல்லுங்க. அப்புறம் பேசறேன்."

விழா ஏற்பாட்டாளர் வித்யாவிடம் ரக்ஷனா போனில் எல்லாவற்றையும் சொன்னாள். மாலைதான் விழாச் சின்னம், அழைப்பிதழ் முதல் பைகள் வரை அச்சாகிவிட்டது, அது இல்லாமல் திறக்க முடியாது என்றாள் வித்யா.

"அழிச்சா உன் பேர் இருக்காது லா, ரக்ஷனா. யோசிச்சுக்க."

ரக்ஷனா பின்னணிக்குப் பூசிய நீல வண்ண டப்பாவைத் திறந்தாள். கோவிந்தசாமி போனைச் சுவருக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். அவள் ஏணியில் ஏறி, ஒவ்வொரு பூவாக மூடத் தொடங்கினாள்.

"இன்னும் இருக்கு," என்றது போனுக்குள்ளிருந்து லட்சுமியின் குரல். "இடது பக்கம்."