கால்சியம் பாட்டில்

கட்டிங் மாஸ்டர் அந்த வருடம் முதலில் விழுந்தது வேலை செய்யும் இடத்தில். சீருடைத் துணி அடுக்கின் மேல் கத்தரியை வைத்துவிட்டுத் திரும்பினார். அவ்வளவுதான், தரையில் கிடந்தார்.

"என்ன மாஸ்டர், தரைக்கு அளவு எடுக்கறீங்களா?" என்றாள் பட்டன் துளைக்குக் காஜா எடுக்கும் அக்கா.

"எனக்கு இடம் பத்துமான்னு பார்த்தேன்."

இரண்டாவது, பஸ் படியில். மூன்றாவது, தன் அறையில் பேன்ட் மாட்டும்போது. இரண்டையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இருபத்திரண்டு வருடமாக மாதம் ஒருமுறை எச்.ஐ.வி. மருத்துவமனைக்குப் போய் வந்தார். மாத்திரை வாங்கியதும் அங்கேயே கழிவறைக்குள் போவார். கையோடு கொண்டுபோன பழைய கால்சியம் பாட்டிலில் மாத்திரைகளைக் கொட்டிக்கொள்வார். மாத்திரை வந்த டப்பாவை நசுக்கி அங்கேயே போட்டுவிடுவார். வீட்டில் அந்தப் பாட்டில் சாப்பாட்டு மேசையின் நடுவில் இருந்தது. ஒளித்து வைத்தால்தான் தேடுவார்கள்.

மனைவி இறந்தபோது மகனுக்குப் பதினொரு வயது. மஞ்சள் காமாலை என்று அவனிடம் சொன்னார். அவளைக் கொன்ற நிஜ நோயை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று அவன் ஒரு நாளும் கேட்டுவிடக் கூடாது. பாட்டில் அதற்காகத்தான்.

விழுவதற்கு முந்தைய வருடம் அந்த மருத்துவமனை டாக்டர் ஸ்கேன் தாளை வெகுநேரம் பார்த்தார்.

"எலும்பு ரொம்ப தேய்ஞ்சிருக்கு மாஸ்டர். நோயும் காரணம், முன்னாடி சாப்பிட்ட மாத்திரையும் காரணம், வயசும் காரணம். எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்ல டாக்டர்."

அப்போது அது உண்மை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு மாதமும் டாக்டர் கேட்டார், அவரும் அதையே சொன்னார். விழுந்தேன் என்றால் வீட்டிலிருந்து யாரையாவது கூட்டி வரச் சொல்வார்கள்.

டாக்டர் நிஜக் கால்சியம் எழுதிக் கொடுத்தார். அதை எங்கே வைப்பது? மேசையில் ஏற்கெனவே ஒரு கால்சியம் இருக்கிறது. இன்னொன்று வந்தால் மருமகள் கேட்பாள். அவள் கண்ணிலிருந்து எதுவும் தப்பாது. காஜா அக்காவிடம் கொடுத்தார். மாதாமாதம் கொடுத்தார்.

"முட்டி வலி போன இடம் தெரியல மாஸ்டர். நீங்க நல்லா இருக்கணும்."

நான்காவது முறை, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குளியலறையில் துண்டை எடுக்கக் கை நீட்டினார். தரையில் ஈரம்கூட இல்லை. இடுப்பில் குச்சி ஒடிவதுபோல் சத்தம் கேட்டது.

வேறொரு மருத்துவமனையின் எலும்பு வார்டில் மருமகள்தான் டாக்டரிடம் பேசினாள்.

"நான் கல்யாணமாகி வந்ததுலேருந்து பார்க்கறேன் டாக்டர். ஒரு நாள் விடாம கால்சியம் சாப்பிடுவார்."

"அப்படியுமா இவ்வளவு தேய்மானம்?" டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்.

மாஸ்டர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாத்திரை இல்லாமல் இரண்டு நாள் போயிற்று. அத்தனை வருடத்தில் அவர் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாம் நாள் மருமகள் கொண்டுவந்தது புதுப் பாட்டில்.

"அந்தப் பாட்டில்ல தேதி பார்த்தீங்களா மாமா? முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. எலும்புக்கு எப்படிப் பிடிக்கும்? எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டேன். இனிமே நான் பார்த்துக்கறேன்."

நல்ல பெண். அவளிடம் கோபப்பட ஒன்றுமில்லை.

நர்ஸ் ஊசியும் குழாய்களுமாக வந்தாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லா டெஸ்டும் எடுக்கணும். எச்.ஐ.வி.யும் உண்டு. எல்லாருக்கும் எடுக்கறதுதான்."

மகன் சிரித்தான். "எங்கப்பாவுக்கா சிஸ்டர்? அவர் வெளியில டீகூடக் குடிக்க மாட்டார்."

"டீக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல சார்."

சொல்வதென்றால் இப்போதே சொல்ல வேண்டும். நாளைக்குத் தாள் சொல்லிவிடும். அவனுடைய அம்மாவைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடும். மாஸ்டர் மகனைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

மகன் அதில் மாத்திரையை வைத்துத் தண்ணீர் கொடுத்தான்.

"மெதுவா முழுங்குங்கப்பா."

பெரிய மாத்திரை. உடனே இறங்கவில்லை. நாக்கில் மாவாகக் கரைந்தது. துணியில் கோடு போடும் சாக்குக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டே நாற்பது வருடம் வேலை பார்த்தவர். அதே ருசி.

விழுங்கினார்.

நர்ஸ் ரப்பர் பட்டையைக் கட்டினாள். "கையை இறுக்கி மூடுங்க."

மூடினார். விரல்கள் இறுகவில்லை.

"இருங்க சிஸ்டர்" என்று மகன் அப்பாவின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "இப்ப எடுங்க."