காவேரிக்கு அந்தப் பக்கம்

என் மகள் யாழினிக்கு வலிப்பு வந்தபோது நான் ஓடிக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது இரண்டு வயது. காலை ஆறரை மணி, திடீர்க் காய்ச்சல், நாலு நிமிஷம் கைகால் இழுத்தது. கூட இருந்தது என் கணவர் சிவசங்கர் மட்டும். காய்ச்சலில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும், வளர வளரப் போய்விடும் என்று புத்தூர் டாக்டர் சொன்னார். எங்கள் தெரு வேறு மாதிரி சொன்னது. பெத்தவ வீட்டுல இருக்கணும், காலங்காத்தால என்ன ஓட்டம் வேண்டிக்கிடக்கு என்று.

அதிலிருந்து ஒரு வருஷமாக நான் ஸ்ரீரங்கத்தைத் தாண்டி ஓடியதில்லை. பத்து நிமிஷத்தில் வீட்டுக்குத் திரும்பிவிடுகிற தூரம்தான். உத்தர வீதியில் சில சுற்று, சித்திரை வீதியில் சில சுற்று, ரொம்பத் தைரியம் வந்த நாளில் அடையவளஞ்சான் வீதி. செக்குமாடுகூட என்னைப் பார்த்தால் பாவப்படும். கோலத்தை மிதிக்கிறேன் என்று பக்கத்து வீட்டு மயிலம்மாள் அக்கா தினமும் திட்டுவார்கள். ஒரே கோலத்தை ஒரே காலையில் நாலு தடவை தாண்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

அடுத்த மாதம் திருச்சியில் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம். என்னைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றவர் சிவசங்கர். அதற்கு முன்னால் ஒரு தடவையாவது பதினெட்டு ஓடிப் பார்க்க வேண்டும். வீதிச் சுற்றில் அது நடக்காது, தலைதான் சுற்றும். எனவே மாம்பழச் சாலை, காவேரிப் பாலம், சத்திரம், உறையூர், அப்புறம் அதே வழியில் திரும்பல் என்று முடிவாயிற்று.

கிளம்பும்போது யாழினியின் நெற்றியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. மறுபடியும் தொட்டேன்.

“தேய்ஞ்சுடப் போவுது ஜோதி. கெளம்பு” என்றார் சிவசங்கர், கண்ணைத் திறக்காமலே.

பாலத்தில் ஏறியதும் காற்று முகத்தில் அடித்தது. ஆற்றில் தண்ணீர் நிறைய இருந்தது. நேராக, திரும்பவே திரும்பாமல், ஒரு வருஷத்துக்குப் பிறகு நேராக ஓடினேன். நான் ஒரு அம்மா என்பது முழுசாக ஒரு கிலோமீட்டருக்கு மறந்து போயிற்று. அது சுகமாக இருந்தது. சுகமாக இருந்துவிட்டதே என்று உடனே குற்றவுணர்ச்சியும் வந்தது. அம்மாக்களுக்கு அதை ஷூவோடு சேர்த்து இலவசமாகத் தருகிறார்கள்.

பாலம் முடிந்து சிந்தாமணியில் இறங்கும்போது போன் அடித்தது.

“பயப்படாத” என்றுதான் சிவசங்கர் ஆரம்பித்தார். “பாப்பாவுக்கு உடம்பு சுடுது. நூத்தியொண்ணு இருக்கு. காய்ச்சல் மருந்து குடுத்துட்டேன், தொடைச்சு விட்டுட்டிருக்கேன். நல்லாத்தான் இருக்கா. அந்த மூக்குல அடிக்கிற மருந்து இருக்குல்ல, அதை மட்டும் பக்கத்துல வெச்சுக்கலாம்னு தேடுறேன். எங்க வெச்சிருக்க?”

என் கை இடுப்புக்குப் போயிற்று. ஓடும்போது கட்டிக்கொள்ளும் பையில், பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அது என்னிடம் இருந்தது.

மறுபடி வலிப்பு வந்து நிற்காமல் போனால் அடிக்கச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து அது. ஒரு வருஷமாக அதை நான் யாரிடமும் கொடுக்கவில்லை. வேலைக்குப் போனால் கைப்பையில், ஓடப் போனால் இடுப்பில். மருந்து எப்போதும் என்னோடு, குழந்தை அவரோடு. நான் ஒரு லேப் டெக்னீஷியன், நாள் பூராவும் அடுத்தவர்களுக்கு மருந்து மாத்திரைப் புத்தி சொல்கிறவள். இந்த மடத்தனம் எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

“என்கிட்ட இருக்குங்க” என்றேன்.

வந்த முதல் ஆட்டோவை மறித்து ஏறினேன். “ஓடி வந்துட்டு ஆட்டோவுல திரும்புறீங்களே” என்று சிரிக்கப்போன டிரைவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார். நான் பயந்தது குழந்தைக்காக மட்டும் இல்லை. வலிப்பு வந்த அன்றைக்கு நான் ஓட்டத்திலிருந்து வந்தபோது வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. சிவசங்கர் யாழினியை ஒருக்களித்துப் பிடித்தபடி வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தார். நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, “என்ன பண்ணீங்க?” கேட்ட தொனி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

வீட்டுக்குள் போனபோது யாழினி அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். நெற்றியில் ஈரத்துணி. பக்கத்தில் ஒரு தாளில் எத்தனை மணிக்கு எவ்வளவு காய்ச்சல், எவ்வளவு மருந்து என்று எழுதி வைத்திருந்தார். கடைசியாக எழுதியிருந்தது நூறு.

மருந்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கவரெல்லாம் என் வேர்வை. அவர் லுங்கியில் துடைத்துவிட்டு, கண்ணைச் சுருக்கி அதில் எழுதியிருந்ததைப் படித்தார்.

“அன்னைக்கு நான் எந்தத் தப்பும் பண்ணல ஜோதி” என்றார், குழந்தை எழுந்துவிடாதபடி மெதுவாக. “டாக்டர் சொன்னாரு. எங்கம்மா சொன்னாங்க. மயிலம்மாக்காகூட சொன்னாங்க. நீ மட்டும்தான் சொல்லல.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பத்து நிமிஷ தூரத்துக்குள்ளேயே ஒரு வருஷம் ஓடியது குழந்தைக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்த மனுஷன் தினமும் காலையில் அதைப் பார்த்துக்கொண்டு, என்ன அர்த்தம் என்று புரிந்துகொண்டு, ஒன்றும் சொல்லாமல் எனக்குக் காபி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

“நீங்க தப்பே பண்ணலங்க. நான் இருந்திருந்தா பயத்துல அவளைத் தூக்கிக் குலுக்கியிருப்பேன். நீங்க சரியாத்தான் பிடிச்சிருந்தீங்க” என்றேன்.

அவர் துணியைத் திருப்பிப் போட்டார். திருப்பிப் போட்டதையே இன்னொரு தடவை திருப்பிப் போட்டார்.

மருந்தை எப்போது, எப்படி அடிப்பது என்று காட்டினேன். அவர் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். பிறகு, “எவ்வளவு ஓடின?” என்றார்.

“மூணு.”

“மணி ஏழுதானே ஆவுது. போயிட்டு வா.”

“காய்ச்சல் அடிக்குதுங்க.”

“அடிக்குது. நான் இருக்கேன்ல?”

காய்ச்சல்காரப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடப் போனவள் என்று தெரு பேசும். பேசட்டும், எனக்கு இப்போது தெருவைவிடப் பெரிய பிரச்சினை இருந்தது. இந்த முறை யாழினியின் நெற்றியைத் தொடாமல் வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது. தாண்டினேன்.

பாலத்தைக் கடக்கும்வரை கால் பின்னுக்கே இழுத்தது. சத்திரத்தில் கொஞ்சம் தேவலை. உறையூர் வந்தபோது மறுபடி போன் அடித்தது. மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தேன்.

யாழினிதான். “அம்மா, அப்பா கஞ்சி குடுக்குறாரு. உப்பே இல்ல.”

உப்பு ஜாடி எங்கே இருக்கிறது, எத்தனை கல் போட வேண்டும் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

“அப்பாகிட்டயே சொல்லுடா தங்கம்” என்றேன். போனைப் பையில் போட்டுவிட்டு ஓடினேன்.