ஃபவுல் செய்தவர் கையைத் தூக்க வேண்டும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்காகத் தோன்றியது அல்ல. துர்கா கேட்டாள், எழுதுகிறேன். நேற்று, சனிக்கிழமை காலை, கல்லூரி மைதானத்தில் பயிற்சி முடிந்து பெண்கள் எல்லாம் போன பிறகு, கூடைக் கம்பத்தின் அடியில் உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

"நீதான் கதை எழுதறியே. இத எழுது. நாளைக்கு சாயங்காலத்துக்குள்ள எனக்கு அனுப்பு. படிச்சுட்டு எந்த முடிவு எனக்கு அசிங்கமா படலயோ, திங்கக்கெழம காலைல அதப் பண்றேன்."

"ஏண்டி, நான் இன்னா ஜோசியக்காரியா?"

"ஜோசியக்காரின்னா நல்லதா நாலு வார்த்த சொல்லுவா. உங்கிட்ட அந்தத் தொல்ல இல்ல."

தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியில் நான் டெஸ்பாட்ச் பார்க்கிறேன். இதுவரை மூன்று கதைகள் ஒரு சிறுபத்திரிகையில் வந்திருக்கின்றன. அவற்றைப் படித்தவர்கள் இரண்டு பேர்: ஒருத்தி துர்கா, இன்னொருவர் தட்டச்சு செய்தவர். இப்படிப்பட்டவளிடம் போய் ஒருத்தி தன் வாழ்க்கையின் முடிவைக் கேட்டால் என்ன அர்த்தம்? ஞாயிற்றுக்கிழமை காலை மணி பத்தாகிறது. குக்கரில் பருப்பு வெந்துகொண்டிருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

2

தொடக்கங்கள், வரிசையாக.

"கடற்கரைச் சாலையின் மஞ்சள் சுவர்களில் காலை வெயில் படரும்போது பயிற்சியாளர் துர்கா தன் ஸ்கூட்டரை"

அடித்துவிட்டேன். புதுச்சேரி என்றால் மஞ்சள் சுவரில்தான் தொடங்க வேண்டும் என்று யார் சொன்னது? துர்கா இருப்பது கருவடிக்குப்பத்தில். அந்தச் சுவர்ப் பக்கம் அவள் போவதே வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால்தான்.

"பந்து தரையில் மோதும் ஓசைதான் அவளுடைய இதயத்"

சீ.

"பயிற்சியாளர் கோபிநாத்துக்கு நாற்பத்தாறு வயது."

இது கொஞ்ச தூரம் போனது. யார் கதை என்று தெரியாமல் இருக்கட்டும் என்று துர்காவை ஆணாக மாற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஆனால் காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குக் கிளம்பும் கோபிநாத்துக்கு வீட்டில் யாரோ டீ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நான் எழுதவே இல்லை, அதுவாக நடந்துவிட்டது. துர்கா இட்லிக்கு ஊற்றி வைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புகிறவள். டீ குடித்துவிட்டு வருகிறவன் அவளுடைய கவலையைச் சுமக்க மாட்டான் என்று பட்டது. கோபிநாத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பெயரை அப்படியே போடட்டுமா என்று அவளுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினேன்.

"போடு. உன் கதைய யாரு படிக்கப்போறா" என்று பதில் வந்தது.

3

இனி ஒழுங்காக.

துர்காவின் அப்பா வடிவேல் பஞ்சாலைத் தொழிலாளி. ஆலைத் தொழிலாளர் மன்றத்துக்குப் பின்னால் சிமெண்ட் தரையும் ஒரு கூடைக் கம்பமும் இருந்தன. ஒரே ஒரு கம்பம். எதிர்க்கம்பத்தை எப்போதோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். துர்கா அங்கேதான் பழகினாள். அதனால் பந்து போட்டுவிட்டுத் திரும்பித் தன் பக்கத்தைக் காக்க ஓட வேண்டும் என்பதே அவளுக்கு வெகுநாள் தோன்றாது. கல்லூரி அணியில் அவள் ஏழாம் எண். நான் பதினொன்று.

(இங்கே ஒரு இறுதி ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். நான்கு வரி எழுதி அடித்துவிட்டேன். பிறகு வருகிறேன்.)

விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு அரசு வேலை கிடைத்திருக்க வேண்டும். கிடைக்கவில்லை. ஆலையும் மூடிவிட்டது. எம்.ஏ. பொருளாதாரம் படித்தாள். ஒரு தனியார் பள்ளியில் ட்ரில் டீச்சராக இருந்தாள். பரீட்சை நெருங்கினால் அவளுடைய பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். இவள் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வராந்தாவில் நிற்பாள். பிறகு பயிற்சியாளர் சான்றிதழ். பிறகு கோடை முகாம்கள். பிறகு இந்தக் கல்லூரி (பெயர் வேண்டாம்): பொருளாதாரத்துக்குக் கௌரவ விரிவுரையாளர், கூடவே பெண்கள் கூடைப்பந்து அணியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருடம் ஆகிவிட்டது. ஒவ்வொரு ஏப்ரலிலும் வேலை போகும், ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக விண்ணப்பித்துச் சேருவாள். கௌரவம் என்று பெயர் வைத்தவரை நான் பார்த்தால் இரண்டு கேள்வி கேட்பேன்.

நாளை, திங்கட்கிழமை, பதினோரு மணிக்கு நிரந்தரப் பணிக்கான நேர்முகம். வயது வரம்புப்படி அவளுக்கு இதுவே கடைசி வாய்ப்பு. குழுவின் தலைவர் கல்லூரி முதல்வர்.

துர்காவின் பயிற்சியில் ஒரு பிடிவாதம் உண்டு. ஃபவுல் செய்தவள் தானே கையைத் தூக்க வேண்டும். எங்கள் காலத்தில் அது வழக்கம்தான். ரெஃப்ரி விசில் ஊதியதும் தப்பு செய்தவர் கையை உயர்த்துவார், மேசையில் இருப்பவர் எண்ணைக் குறித்துக்கொள்வார். இப்போது யாரும் செய்வதில்லை. இவளுடைய பெண்கள் மட்டும் செய்கிறார்கள். எதிரணி சிரிக்கும். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே போக வேண்டிய ஆட்டத்தில் யாராவது தன் கணக்கைத் தானே ஏற்றிக்கொள்வார்களா என்று மற்றப் பயிற்சியாளர்கள் கேட்பார்கள். "என் டீம்ல ஏத்திக்குவாங்க" என்பாள். அவ்வளவுதான் பதில்.

4

கவிநிலாவைக் கொண்டுவர வேண்டும். வைத்திக்குப்பத்துப் பெண், பி.ஏ. பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு, விளையாட்டு ஒதுக்கீட்டில் வந்தவள். அம்மா மணியம்மாள் மீன் விற்கிறார். சேர்க்கும்போது அவர் துர்காவிடம் ஒன்றுதான் கேட்டார்: "ஆட்டம் ஆட்டம்னு ஊர் ஊரா இட்டுனு போவீங்க. அப்பறம் வருகப்பதிவு இல்லன்னு வூட்டுக்கு அனுப்பிட மாட்டாங்களே?"

"அது என் பொறுப்புமா" என்றாள் துர்கா.

இந்தப் பெண் நிஜமாகவே இப்படி இருக்கிறாளா என்று எனக்கே சந்தேகம் வந்தது. போன மாதம் காரைக்கால் போட்டியில், அரையிறுதியில், கூட்டத்தில் யார் கை பட்டது என்று ரெஃப்ரிக்கே தெரியாமல் முழித்தபோது கவிநிலா கையைத் தூக்கினாள். அவளுக்கு அது ஐந்தாவது. வெளியே வந்து உட்கார்ந்தாள், அணி மூன்று புள்ளியில் தோற்றது. கதையில் இப்படி ஒரு பாத்திரத்தைப் படைத்தால் ரொம்ப நல்லவளாக இருக்கிறாளே என்று நானே திருத்தியிருப்பேன். ஆனால் துர்கா அந்த வீடியோவைக் காட்டினாள். கையைத் தூக்கிய பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். சரி, இருக்கிறாள்.

இப்போது தவறு. துர்காவின் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுத வேண்டும்.

போட்டிக்குப் போகும் பெண்களுக்கு 'ஆன் டூட்டி' படிவம் எழுத வேண்டும், ஓ.டி. என்பார்கள். துறைக்கு ஒரு படிவம். முதல்வர் கையெழுத்துப் போட்டதும் பயிற்சியாளர் ஒவ்வொரு துறையாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், அந்த நாட்களில் அவர்கள் வகுப்பில் இருந்ததாகக் கணக்கு. காரைக்காலுக்குப் போன எட்டு நாளுக்கும் துர்கா மாடிக்கும் கீழுக்கும் அலைந்தாள். தமிழ்த் துறை, வணிகவியல், தாவரவியல், கணிதம். பதினோரு பெண்களுக்கும் முடித்தாள். பன்னிரண்டாவது பெண் கவிநிலா. அவள் பொருளாதாரம். அதாவது துர்காவின் சொந்தத் துறை. நம்ம டிபார்ட்மெண்டுதானே, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்த ஒரு படிவத்தைக் கையெழுத்துக்குக்கூட வைக்காமல் பையில் போட்டாள். வீட்டுக்காரிக்குக் கடைசியில் பரிமாறலாம் என்று நினைப்பதில்லையா, அந்த மாதிரி.

போட்டியிலிருந்து திரும்பியதும் பதிவேட்டைப் பார்த்து வருகையைக் கணினியில் ஏற்றும் வேலையும் அவளுடையதுதான். இவள் ஊரில் இல்லாதபோது வகுப்பெடுத்தவர்கள் கவிநிலாவுக்கு 'ஆப்செண்ட்' போட்டிருந்தார்கள். அறுபது பேருடைய வருகையை ஏற்றும் அவசரத்தில் துர்கா அதைப் பார்த்து அப்படியே ஏற்றினாள். எட்டு நாளும், தன் கையால்.

வெள்ளிக்கிழமை வருகைப் பட்டியல் ஒட்டினார்கள். கவிநிலாவுக்குத் தொண்ணூறு நாளில் அறுபது நாள். தேர்வு எழுத முடியாது. எட்டைச் சேர்த்தால் எழுபத்தைந்து சதவீதத்தை மயிரிழையில் தாண்டுவாள். இல்லையென்றால் ஒரு வருடம் போகும், விளையாட்டுச் சலுகை போகும், மணியம்மாள் அதற்கு மேல் அனுப்பமாட்டார்.

பட்டியலைப் பார்த்தபோது துர்கா முதலில் கோபப்பட்டாளாம். யாரோ கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று துறைக்குச் சண்டைபோடக் கிளம்பி, படிக்கட்டில் பாதியில் நின்று, பையைத் திறந்து பார்த்திருக்கிறாள்.

5

முடிவுகள்.

அ) தலைமை எழுத்தர் கமலக்கண்ணன் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "மேடம், அந்த ஃபாரத்துல பழைய தேதி போட்டு எங்கிட்ட குடுங்க. சார் திங்கக்கெழம காலைல நாப்பது பேப்பர்ல கையெழுத்து போடுவாரு, ஒண்ணயும் படிக்க மாட்டாரு. நடுவுல சொருவிடறேன். தொலஞ்சு கெடச்சுதுன்னு சொல்லிக்கலாம்." யாருக்கும் நஷ்டமில்லை. கவிநிலா தேர்வு எழுதுவாள், துர்கா நேர்முகத்துக்குப் போவாள். பிடிபட்டால் கமலக்கண்ணனின் ஓய்வூதியம் போகும், அவர் ஓய்வுபெற ஏழே மாதம் இருக்கிறது. இதை மூன்று பத்தி எழுதினேன், வேகமாகப் போனது. எனக்கே பிடித்துப்போனதுதான் பயமாக இருந்தது.

ஆ) கவிநிலாவே சொன்னது: "மேடம், எனக்கு டைஃபாய்டுன்னு சர்டிபிகேட் வாங்கிக் குடுத்துடறேன். ஃபைன் கட்டுனா எழுத விடறாங்களாம். உங்க இண்டர்வியூ கெடக்கூடாது." தப்பு யாருடையது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இருந்தும் சொன்னாள். இதை என்னால் ஒரு வரிகூட எழுத முடியவில்லை.

இ) கடிதம். "மேற்படி மாணவி எட்டு நாட்களும் கல்லூரியின் சார்பில் விளையாடச் சென்றிருந்தார். படிவத்தை உரிய நேரத்தில் அளிக்காததும் வருகையைத் தவறாகப் பதிவேற்றியதும் என் கவனக்குறைவு." துர்கா இதைச் சனிக்கிழமையே எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். பையில் அந்தப் படிவத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்பதரைக்கு இதைப் படிக்கும் முதல்வர்தான் பதினோரு மணிக்கு எதிரே உட்கார்ந்து, பொறுப்புகளை எப்படிக் கையாளுவீர்கள் என்று கேட்கப்போகிறவர்.*

* நேர்முகத்தை முடித்துக்கொண்டு மதியம் கொடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பட்டியல் பத்து மணிக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும்.

6

மதியம். இதுவரை எழுதியதை அவளுக்கு அனுப்பினேன். நான்கு குரல்பதிவுகள் வந்தன.

ஒன்று: "வீட்டுக்காரிக்கு கடைசியில பரிமாறறதுன்னு எழுதியிருக்க. நல்லாருக்கு. ஆனா அது சாக்கு மாரி கேக்குது. எடுத்துடு."

(எடுக்கவில்லை.)

இரண்டு: "நான் இன்னாடி அவ்வளவு நேர்மையாவா இருக்கேன்? நேத்து ராத்திரி கமலக்கண்ணன் சார் நம்பர ரெண்டு தடவ எடுத்துப் பாத்தேன். அதயும் எழுது."

எழுதிவிட்டேன்.

மூன்றாவதில் பேச்சே இல்லை. பின்னால் மாமியார் ஏதோ கேட்கிறார், இவள் "வரேன்மா" என்கிறாள், அவ்வளவுதான்.

நான்கு: "பதினோரு வருஷம்டி. ஒரு தடவயாவது ஏப்ரல் மாசத்துல நிம்மதியா தூங்கணும்னு ஆசப்பட்டா தப்பா? நீ சொல்லு. நீ எழுதறத நான் பண்றேன். நீதான் என்ன நல்லா பாத்தவ. சேந்து ஆடுனவ."

இதைக் கேட்டு அடுப்படியில் போய் நின்றேன். தண்ணீர் குடித்தேன். திரும்ப வந்து உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

7

மூன்றாம் பகுதியில் அடித்த நான்கு வரிகளை இப்போது எழுதுகிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கதைகளில்கூட இதைச் சுற்றிச் சுற்றித்தான் போயிருக்கிறேன்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால், இறுதி ஆட்டம். கடலூர் அணி. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு ஆள் பார்க்க இரண்டு பேர் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். துர்காவைப் பார்க்கத்தான் வந்தார்கள். என்னையும் பார்த்தால் நன்றாக இருக்குமே என்று நான் நினைத்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் பாக்கி. துர்காவுக்கு நாலு ஃபவுல். எனக்கும் நாலு. கூடைக்குக் கீழே நானும் அவளும் சேர்ந்து குதித்தோம். கடலூர்ப் பெண்ணின் மணிக்கட்டில் அடி விழுந்தது. விசில். ரெஃப்ரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். ஒரு நொடி காத்திருந்தார், கை எழும் என்று.

நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன். லேஸ் அவிழ்ந்திருக்கவில்லை.

அவர் ஏழு என்று காட்டினார். துர்கா வெளியே போய் உட்கார்ந்தாள். வந்தவர்கள் அவள் இல்லாத கடைசி ஐந்து நிமிடத்தைப் பார்த்தார்கள், வேறு ஊர்ப் பெண்ணை எடுத்துக்கொண்டார்கள். என்னையும் எடுக்கவில்லை. பேருந்தில் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுடி, ரெஃப்ரிக்கு நம்பர் சரியா தெரியல போல" என்றாள். அவளுக்குத் தெரிந்துதான் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு பயிற்சியாளர் ஆனதும் முதல் நாளே அந்த விதியைப் போட்டாள்.

ட்ரில் டீச்சர், கோடை முகாம், பதினோரு ஜூன்கள். மேலே இவற்றை எவ்வளவு சாமர்த்தியமாக, தலைவிதி போலவும் ஊர் நிலவரம் போலவும் எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

8

வாசகர்களே, முடிவை உங்களிடம் விடுகிறேன் என்று சொல்லி இந்த மாதிரிக் கதைகளை முடிப்பார்கள். என் கதைக்கு வாசகி ஒருத்திதான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாமியாருக்குக் காபி கொடுத்துவிட்டு, கருவடிக்குப்பத்தில் கட்டிலில் உட்கார்ந்து படிக்கப்போகிறாள்.

துர்கா, அந்த அடி என்னுடையது. பதினொன்றாம் எண். கையைத் தூக்கிவிட்டேன். இதனால் உனக்கு எதுவும் திரும்பி வராது, தெரியும். ஒருநாளும் கையைத் தூக்காதவள் உன்னைப் பார்த்துத் தூக்கு என்று எப்படி எழுதுவேன்? தூக்காதே என்று எழுதினால் எனக்குத் துணை தேடுவது போல ஆகிவிடும். அதனால்தான் காலையிலிருந்து முடிவுகளை மாற்றி மாற்றி எழுதிக் கிழித்தேன். ஒன்று மட்டும் எனக்குத் தெரியும், சொல்கிறேன். லேஸைக் கட்டிவிட்டு நிமிர்ந்தபோது ஆட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் இன்னும் குனிந்துதான் இருக்கிறேன்.

கடைசி வாக்கியத்தை இதுவரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். மிச்சத்தை நீ எழுது.

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு, முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த துர்கா, உள்ளே வரச் சொன்னதும் எழுந்து, பையைத் திறந்து