சிவப்பு மூடி

மூன்றேகால் மணிக்கு ஊசி எலியின் வயிற்றில் இறங்காமல் அவள் கட்டைவிரலில் இறங்கியது. எலி துள்ளிவிட்டது. சட்டென்று பிடுங்கிக்கொண்டாள். உள்ளே எவ்வளவு போயிற்று என்று தெரியவில்லை.

அறையின் மறுகோடியில் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் குனிந்திருந்த அக்கா திரும்பாமலே கேட்டாள். "என்னடி, கடிச்சிடுச்சா?"

"ஆமாக்கா."

அக்கா கூடப்பிறந்தவள் இல்லை. ஆராய்ச்சி மாணவி, இவளை இந்தச் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டவள். தொட்டியின் கலங்கல் தண்ணீருக்கு அடியில் ஒரு மேடை ஒளிந்திருக்கும். எலி நீந்திக் கண்டுபிடித்து, மறுநாளும் அந்த இடத்தை நினைவு வைத்திருக்க வேண்டும். மூளையில் நினைவைப் பதிக்க குளுட்டமேட் என்ற ரசாயனம் திறக்கும் வாசலை மருந்து அடைத்துவிட்டால், அதன்பிறகு கற்பது எதுவும் தங்காது. புதிதாக வந்ததுபோல் சுற்றிச் சுற்றி நீந்தும்.

இரண்டு குப்பிகள். சிவப்பு மூடி, நீல மூடி. ஒன்றில் மருந்து, மற்றதில் வெறும் உப்புநீர். எதில் எது என்று ஊசி போடுகிறவளுக்கும் தெரியக்கூடாது, நீந்துவதைப் பார்க்கிறவளுக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தனக்கு வேண்டியதைப் பார்த்துவிடும். கரைத்து வைத்தவருக்கு மட்டும் தெரியும். அடுத்த அறையில் இருக்கிறார். வாயைத் திறக்கமாட்டார் என்பதால் அவருக்குப் பெயரே பூட்டு. அவர் சொல்லிவிட்டால் அக்கா எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இன்று எடுத்தது சிவப்பு மூடி.

விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். நாக்கு மரத்திருக்கிறதா? பிள்ளைக்குக் காலையில் என்ன சட்டை போட்டுவிட்டாள்? மஞ்சள். அது பழைய நினைவு, கணக்கில் வராது. குழாய்க்கு மேல் ஒட்டியிருந்த பல்லியை, மறக்கக்கூடாது என்று பார்த்துவைத்தாள். சற்றுநேரம் கழித்தும் பல்லி நினைவிருந்தது. அதை இதற்குமுன் எத்தனை தடவை பார்த்தாள் என்பதில்தான் சந்தேகம்.

மார்பு கனத்தது. பிள்ளை புட்டிப்பாலை நாக்கில் பட்டதும் துப்பிவிடும். அம்மா போனில் கூப்பிட்டாள். அழுது அழுது அவன் தொண்டை கட்டிவிட்டதாம். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வரச் சொன்னாள்.

பூட்டு குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் அவர் முன்னால் போய்க் கட்டைவிரலை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தார். வாசலில் அக்கா, துண்டில் சுற்றிய ஈர எலியை நெஞ்சோடு பிடித்தபடி நின்றாள்.

"சிவப்பு மூடியில என்னண்ணே இருக்கு? நான் போய்ப் பிள்ளைக்குப் பால் குடுக்கணும்."