பச்சைத்தலைக் குருவி

தங்கப்பாண்டியன் அண்ணாச்சிக்குப் பறவைகள் மேல் பாசம் வந்தது போன மாசியில்தான். அதுவரை அவர் அக்கறையாகப் பார்த்த ஒரே பறவை, ஞாயிற்றுக்கிழமை இலைக்கு வரும் நாட்டுக்கோழி. டாக்டர் 'மனசை லேசா வச்சுக்கோங்க' என்று சொல்லிவிட்டார். உடனே புழக்கடையில் ஒரு இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் தகரக் கூரை போட்ட தீனித்தட்டை வைத்தார். கம்பு, நொறுக்கரிசி, உடைத்த கடலை எல்லாம் போட்டார். அணில் ஏறக் கூடாது என்று கம்பத்துக்குக் கிரீஸ் தடவினார். அணில்கள் இரண்டு நாள் கிரீஸை வேடிக்கை பார்த்தன. மூன்றாம் நாள் வேப்பமரத்திலிருந்து நேராகத் தட்டுக்கே குதித்துவிட்டன. கடலை பூராவும் அவற்றின் வயிற்றுக்குத்தான் போனது.

என் பெயர் முத்துசெல்வம். கோவில்பட்டியில் ஸ்டுடியோ வைத்து, கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன். என்னிடம் ஒரு நீள லென்ஸ் இருந்த பாவத்துக்கு, காலை ஆறு மணிக்கெல்லாம் அண்ணாச்சி போன் போடுவார். "முத்துசெல்வம், மைனா வந்துருக்கு, ஓடி வாரும்." ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தால், மைனா தலைக்கு மேல் ரோஜாப்பூ, காலுக்குக் கீழ் தன் பெயர் போட்டு, காலை வணக்கம் என்று ஊருக்கே அனுப்புவார்.

பங்குனியில் அந்தக் குருவி வந்தது. சாதாரணச் சிட்டுக்குருவிதான், உடம்பெல்லாம் தவிட்டு நிறம். ஆனால் தலை மட்டும் பளிச்சென்று பச்சை.

அண்ணாச்சி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "உலகத்துலயே இப்படி ஒரு குருவி கெடையாதுவே. நெட்டு பூரா தேடிட்டேன். கண்டுபிடிச்சவன் பேரைத்தான் வைப்பாவளாம்."

அவர் ஏன் அப்படித் துடித்தார் என்று எனக்குத் தெரியும். தீப்பெட்டி ஆபீஸுக்கு அவர் தாத்தா பெயர். கல்யாண மண்டபத்துக்கு அப்பா பெயர். கோயில் டியூப்லைட்டில்கூட அண்ணன் பெயர். இவர் பெயரை ஊரில் தாங்கி நின்றது ஒரு ரேஷன் கார்டு மட்டும்தான். தங்கப்பாண்டியன் குருவி என்று ஒன்று வந்துவிட்டால் போதும், ஜென்மம் கடைத்தேறிவிடும்.

அந்தப் பச்சையை நான் முன்பே பார்த்திருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தீப்பெட்டித் தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்போம். அவர் ஆபீஸ், புழக்கடைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பொங்கலுக்கு ஆட்களை வரிசையாக நிறுத்திக் குரூப் போட்டோ எடுத்தேன். வடக்கேயிருந்து பச்சைத்தலைக் குச்சி கேட்டு ஆர்டர் வந்திருந்த சமயம். குச்சித் தலைக்கு மருந்து முக்கும் தட்டுகளைக் கழுவும் சுடலைச்செல்விக்குப் பத்து விரலும் பச்சை. அவள் பக்கத்தில் நின்றவர்களுக்கும் அப்படித்தான். "எல்லாரும் கையைப் பின்னால கெட்டிக்கோங்க, படம் அசிங்கமா விழும்" என்று சொன்னவன் நான்.

குருவி விஷயத்தில் அண்ணாச்சியிடம் நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மகள் கல்யாண ஆல்பம் எனக்குத்தான் என்று சொல்லியிருந்தார்.

சித்திரையில் தூத்துக்குடியிலிருந்து பறவை ஆராய்ச்சிப் பேராசிரியர் உக்கிரபாண்டி வந்தார். பெயரில் உள்ள உக்கிரம் ஆளிடம் இல்லை, மெலிந்த குரல். அவர் வருகிறார் என்று கம்பத்துக்குப் பெயின்ட் அடித்தார்கள். புழக்கடையைக் கூட்ட ஆபீஸிலிருந்து சுடலைச்செல்வியை வரவழைத்தார்கள். அண்ணாச்சியின் மனைவி உமாதேவிதான் கடைசி நேரத்தில் கேட்டார்: "தண்ணி வைக்கலியேன்னு கேட்டா என்ன சொல்லுவீய?" அப்போதுதான் எங்களுக்கே உறைத்தது. இரண்டு மாதமாகத் தீனி போடுகிறோம், ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்ததில்லை. அவசரமாக ஒரு மண்சட்டியில் ஊற்றி வைத்தார்கள்.

முதலில் வந்தது அணில். அதன் பாதி வால் பச்சை.

அண்ணாச்சி அசரவில்லை. "பாத்தியளா சார், இதுவும் புதுசு. இதுக்கு உமாதேவின்னு வச்சிரலாம்."

"அணிலுக்கு வைக்கவா எம் பேரு?" என்று கேட்டுவிட்டு உமாதேவி அம்மா உள்ளே போய்விட்டார்.

பேராசிரியர் நோட்டில் ஏதோ எழுதினார். "இந்தப் பக்கம் ஹோலி கொண்டாடுவாங்களா?" என்றார்.

"இங்கன யாரு சார் அதெல்லாம் கொண்டாடுதா" என்றார் அண்ணாச்சி.

பிறகு குருவி வந்தது. அண்ணாச்சி மூச்சை அடக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்தார். அது நாலு கம்பு தின்றது. சட்டியைப் பார்த்தது. கரிசல் காட்டு வெயிலில் நல்ல தண்ணீரைக் கண்ட குருவி வேறென்ன செய்யும்? இறங்கிக் குளித்தது. முங்கி முங்கி, இறகைச் சிலுப்பிச் சிலுப்பிக் குளித்தது. சட்டித் தண்ணீர் பச்சையானது. வெளியே வந்து விளிம்பில் உட்கார்ந்தது, உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் வருகிற சிட்டுக்குருவி.

"அது பறந்துட்டு சார்" என்றார் அண்ணாச்சி. "இது வேற."

பேராசிரியர் சட்டிக்குள் விரலை விட்டு எடுத்துப் பார்த்தார். "வழக்கமா இது எங்க குளிக்குது?"

விளக்குமாறோடு சுவரோரம் நின்ற சுடலைச்செல்வி சொன்னாள்: "தட்டு கழுவுத குழிலதான் சார். தெனமும் வந்து முங்குது. வேற எங்கன தண்ணி கெடக்கு?"

"ஏட்டி, இதை முன்னாலயே சொல்ல என்ன?"

"எங்கிட்ட யாரு மொதலாளி கேட்டா?"

பேராசிரியர் அவள் விரல்களையும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாரத்தில் கடிதம் வந்தது. மருந்துத் தண்ணீர் பறவைகளுக்குக் கெடுதல், குழியை உடனே மூட வேண்டும் என்று எழுதியிருந்தார். கடிதத்தில் விரலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் பறவைப் பேராசிரியர் அல்லவா.

அண்ணாச்சி மறுநாளே குழிமேல் நைலான் வலை போட்டார். வலை பக்கத்தில் நின்று படமும் எடுத்துக்கொண்டார், நான்தான் எடுத்தேன். வலையில் ஒரு ஓரம் மட்டும் திறப்பு விட்டிருந்தார்கள், பெண்கள் கையை விட்டுத் தட்டு கழுவ வேண்டுமே. கைக்கு உறை வாங்கித் தரச் சொல்லி சுடலைச்செல்வி கேட்டாள்.

"சோப்பு போட்டுக் கழுவுட்டி, போயிரும்லா" என்றார் அண்ணாச்சி.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து, இடைசெவலுக்குப் போகும் ஆபீஸ் வேனில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி கேட் பக்கம் நின்றார். படியில் நின்று ஆள் கணக்குப் பார்த்த சுடலைச்செல்வி, தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்: "தங்கப்பாண்டியன் குருவியெல்லாம் ஏறியாச்சா?"

வேன் முழுக்கச் சிரிப்பு. அண்ணாச்சி முகம் கறுத்துப் போனது. நான் கேமராவை எடுத்தேன். ஆல்பம் போனால் போகட்டும் என்று ஜன்னல் பக்கம் திருப்பினேன். பழக்கதோஷத்தில் இரண்டு பெண்கள் கையை மறைத்தார்கள்.

சுடலைச்செல்வி விடவில்லை. "ஏட்டி, கையை வெளிய நீட்டுங்க. மொதலாளி பேரு நல்லா வெளங்கட்டும்."