ஞாயிற்றுக்கிழமைப் பாவம்

“சின்னத்தை, ஒன்பது மணிக்குப் போதகர் வர்றார்! மாமா படுக்கையிலயே எல்லாம் போயிட்டார். நீங்க வரலைன்னா நான் எங்கம்மா வீட்டுக்கே போயிடுவேன்!”

திருச்சபை மூப்பர் வீட்டு மருமகள் வாசலில் நின்ற கோலம் கண்கொள்ளாக் காட்சி. வலது காலில் தன் செருப்பு, இடது காலில் புருஷன் செருப்பு. மூக்கோடு சேர்த்துக் கட்டிய துண்டுக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும், கொள்ளைக்காரி மாதிரி.

சின்னத்தை கண்ணாடி முன் நிதானமாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மூப்பரின் செத்துப்போன தம்பிக்கு மனைவி அவள்.

“இன்னைக்கு என்ன கிழமைம்மா?”

“ஞாயிறு.”

“அடக் கடவுளே! ஞாயிற்றுக்கிழமை வேலை செஞ்சா பாவமாச்சே. உங்க மாமாதானே சட்டம் போட்டார்?”

போட்டவர் அவரேதான். புருஷனை அடக்கம் பண்ணிய மூன்றாம் மாதம் சின்னத்தை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ரத்தமும் சீழும் ஊறிய விரிப்புகளை மலைமலையாக வெளுக்க வேண்டும். நோயாளிகள் கிழமை பார்த்தா ரத்தம் சிந்துகிறார்கள்? மாதத்தில் மூன்று ஞாயிறு அவளுக்கு முறை விழுந்தது.

திருச்சபைக் கூட்டத்தில் மூப்பர் எழுந்து தொண்டையைக் கனைத்தார். “ஆண்டவர் காப்பாத்துவார்ங்கற விசுவாசம் இருந்தா ஓய்வுநாள்ல ஒருத்தி வேலைக்குப் போவாளா? நாம செய்யற கிரியை யாரையும் கரையேத்தாது. விசுவாசம் இல்லாதவளுக்குத் திருவிருந்து எதுக்கு?” சொன்ன கையோடு திருவிருந்துப் பட்டியலில் அவள் பெயரை ஒரே கோடாக அடித்தார்.

கிரியைக்கு அவர் அப்படிப்பட்ட விரோதி. ஞானஸ்நானத்துக்குப் பிறகு எந்த வேலைக்காகவும் அவர் கை நனைந்ததாகச் சரித்திரம் இல்லை. தம்பி மனைவிக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு பழைய போர்வைகூட வந்ததில்லை. கொடுத்திருந்தால் அது கிரியையாகிப் போயிருக்குமே!

பதினோரு வருஷம். முறை இல்லாத ஞாயிறுகளில் சின்னத்தை ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். திருவிருந்து ரொட்டித் தட்டும் திராட்சரசக் கிண்ணமும் அவளருகே வந்ததும் பாம்பைக் கண்ட மாதிரி விலகிப் போகும். அந்தக் கிண்ணம் ஒரு தடவை தன் கைக்கு வந்தாக வேண்டும். அதற்காகத்தான் அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்ற மாதத்தில் மூப்பருக்குப் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. வாய் மட்டும் தப்பித்துக்கொண்டது. “உங்களுக்குத்தானே பழக்கம், சின்னத்தை” என்று மருமகள் வந்து நின்றாள். சின்னத்தை மறுபேச்சுப் பேசவில்லை. முகமெல்லாம் பல்லாகச் சம்மதித்தாள்.

திங்கள் முதல் சனி வரை அந்த வீட்டு விரிப்புகள் வெளுத்த வெளுப்பில் பார்க்க வந்தவர்களுக்குக் கண் கூசியது. மூப்பரை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைத்தாள். முதுகில் ஒரு கொப்புளம் கிடையாது. ஆனால் சனி மாலை ஆறு அடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்புறம் திங்கள்தான். முதல் ஞாயிறு குடும்பமே முழங்காலில் நின்று ஜெபித்தது. இரண்டாம் ஞாயிறு வாசனைத் தைலம் தெளித்தது. தெருநாய்கள் வழியை மாற்றிக்கொண்டதாகப் பேச்சு. விரிப்பு மட்டும் விசுவாசத்தால் தானாக மாறவில்லை.

இது மூன்றாம் ஞாயிறு. ஆராதனைக்கு முன்னால், மூப்பரின் படுக்கைக்கே திருவிருந்து வரப்போகும் நாள். சின்னத்தை காத்திருந்ததும் இதற்குத்தான். ஆலயத்துக்குப் போகிற புடவையைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

மூப்பரின் அறை வாசலில் நின்றுகொண்டாள்.

“உள்ள வாம்மா.”

“வரலாம் அத்தான். வேலை செய்யலாமா? அதைச் சொல்லுங்க.”

“முடியாதவனுக்குச் செய்யறது இரக்கம்மா. அது மீறுதல் இல்ல.”

“அப்ப ஆஸ்பத்திரியில கிடந்தவங்க? ஓடிப்பிடிச்சு விளையாடிக்கிட்டா படுக்கையை நனைச்சாங்க?”

மூப்பர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எட்டே முக்கால் ஆச்சு, மாமா!” மருமகள் அலறினாள்.

“பாவமில்ல” என்று முனகினார் மூப்பர்.

“காதுல விழல அத்தான். அன்னைக்குக் கூட்டத்துல கடைசி பெஞ்சு வரைக்கும் கணீர்னு கேட்டுச்சே.”

“பாவமில்ல! போதுமா?” சுவர் அதிர்ந்தது. “இத்தனை நாள் எனக்காக உழைச்சிருக்க. அந்த உழைப்புக்காகவே உன் பேரைத் திரும்பச் சேர்க்கச் சொல்றேன்.”

சின்னத்தைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. “கிரியைக்குக் கூலியாவா! பேசறது நீங்கதானா அத்தான்?”

மூப்பர் தடுமாறினார். “சரி, கிருபைன்னு வச்சுக்கோயேன்.”

“உங்க கிருபையா? பதினோரு வருஷமா அதை எந்த அலமாரியில பூட்டி வச்சிருந்தீங்க?”

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். வெந்நீர், சோப்பு, துண்டு. ஒவ்வொரு துடைப்புக்கும் ஒரு வார்த்தை.

“நல்லாக் கேட்டுக்கோங்க. சம்பளத்துக்காக இல்ல. நீங்க நல்லவர்ங்கறதுக்காகவும் இல்ல. இதுக்கு உங்களுக்கு ஒரு பொட்டு யோக்கியதை கிடையாது. கிடையாதுன்னாலும் கிடைக்குது பாருங்க, இதுக்குப் பேர்தான் கிருபை. என்ன, சுடுதா? தண்ணி வெதுவெதுன்னுதானே இருக்கு?”

சுட்டது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். விரிப்பு பால்போல மாறிய நேரத்தில் வாசல் மணி அடித்தது.

போதகர் இளைஞர், ஊருக்குப் புதுசு. ஜெபம் முடிந்தது, ரொட்டியை மூப்பரின் வாயில் வைத்தார். கிண்ணம் வந்தபோது நோயாளியின் தலை துவண்டு சாய்ந்தது.

“இவரைத் தாங்கிக் குடிக்க வைக்கத் தெரிஞ்சவங்க யாரு?”

எல்லாக் கண்களும் சின்னத்தை பக்கம் திரும்பின. போதகர் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தார்.

சின்னத்தை அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் வாயில் வைத்து, அவசரமே இல்லாமல், ஒரு வாய் குடித்தாள்.

“அவ… அவ பேரு பட்டியல்ல…” என்று தொடங்கிய மூப்பருக்கு, முதுகுக்குக் கீழே மொடமொடவென்றிருந்த ஞாயிற்றுக்கிழமை விரிப்பு உறுத்தியது.

அவள் அவர் தலையைத் தூக்கித் தன் கையில் சாய்த்துக்கொண்டாள். தன் உதடு பட்ட ஈரமான விளிம்பை அவர் பக்கம் திருப்பினாள்.

“யோக்கியதை பார்க்காம குடிங்க அத்தான்.”

மூப்பர் வாயைத் திறந்தார்.

“விரிப்புல சிந்திடாதீங்க” என்றாள் சின்னத்தை. “அடுத்த ஞாயிறு நான் ஆலயத்துல முன் பெஞ்சுல இருப்பேன். மாத்துறதுக்கு ஆள் கிடைக்காது.”